சில்லு திரும்பினால் மட்டும் இறங்கிய ஜீப்

சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி ஏ-32 வீதியால் மன்னார் போய்வந்ததில் நான்கு நாட்களைத் தின்ற பிரச்சினை இது. என் ஜீப்பைத் தாங்குவது ஸ்பிரிங் அல்ல, கம்ப்ரசர் காற்று நிரப்பும் ரப்பர் பைகள் (ஏர் பேக்). முழங்காவிலில் இரவு நிறுத்திய ஜீப், காலையில் முன் இடப்பக்கம் சில்லின் மேல் குந்தியிருந்தது. ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரசர் இரைந்து மெல்ல உயர்த்தும், பிறகு சூடாகித் தானே நின்றுவிடும்.

முதலில் பியூஸ், ரிலே மாற்றினேன். பயனில்லை. வழியிலிருந்த கராஜில் "ஏர் பேக் போட்டுது தம்பி, கொழும்பிலயிருந்துதான் எடுக்கவேணும்" என்றார்கள். ஆனால் சவர்க்காரத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் பேக்கில் ஒரு குமிழிகூட இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன், மன்னாரில் நேராக நிறுத்திய இரண்டு இரவும் வண்டி இறங்கவேயில்லை, முழங்காவிலில் மரத்தடியில் ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தியிருந்தேன். சரி என்று முழுதாக வலப்பக்கம் ஒடித்துவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரைத் திரும்ப அடித்தேன். காற்றுக் குழாய் பேக்குக்குள் நுழையும் இடத்தில் கடுகளவுக் குமிழிகள் பொங்கின. சில்லை நேராக்கினால் நின்றுவிட்டன! குழாயின் நுனி தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது.

ஜாக்கி, ஸ்டாண்ட் வைத்துக் காற்றை முழுதாக இறக்கி (தாங்கல் இல்லாமல் அடியில் கையே வைக்கக் கூடாது), அழுத்திப் பூட்டும் வளையத்தை அமுக்கிக் குழாயை இழுத்து, புது பிளேடால் ஒரு சென்ரிமீற்றர் நேராக வெட்டித் திரும்பச் சொருகினேன். கத்தரிக்கோல் வேண்டாம், குழாயை நசுக்கிவிடும். கம்ப்ரசரை அரை மணித்தியாலம் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தேன். அன்றிரவு வேண்டுமென்றே சில்லை ஒடித்து நிறுத்தினேன், காலையில் சில்லுக்கு மேல் அதே நாலு விரல் இடைவெளி.