பயணத்துக்குப் பணம் ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட வேலை பார்க்கும் இளம்பெண் போன வாரம் போனை நீட்டி ஒரு விமான டிக்கெட்டைக் காட்டினாள். பாதி விலை. நள்ளிரவு ஒன்றரை மணிக்குப் போய் இறங்கும். "டிக்கெட் போட்டாச்சு அக்கா, இனிமேதான் பட்ஜெட் பார்க்கணும்" என்றாள். பல வருஷங்களுக்கு முன் நான் செய்த அதே காரியம். கண்டபடி செலவு செய்யக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

டிக்கெட் முதலில், கணக்கு அப்புறம்

இதை யார் செய்தாலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நல்ல உழைப்பாளிகளின் பணம் இங்கேதான் கரைகிறது.

நான் வாங்கிய சலுகை டிக்கெட்டில் மிச்சமானது இரண்டு நாள் சம்பளம். (பயணச் செலவை நாள் சம்பளத்தில்தான் கணக்குப் போடுவேன், அப்போதுதான் உறைக்கிறது.) அந்த விலைக்குக் கைப்பை மட்டுமே அனுமதி. பெட்டிக்கான கட்டணத்தை முன்கூட்டியே கட்டாமல் விமான நிலையத்தில் கட்டியதில் ஒரு நாள் சம்பளம் போனது. இறங்கிய நேரத்தில் பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. டாக்சிக்கு அரை நாள். அறை மதியம்தான் கிடைக்கும் என்பதால், விடியும்வரை தலைசாய்க்க ஓர் இரவு வாடகை கூடுதல், அது ஒன்றரை நாள். ஆக மூன்று நாள் சம்பளம்.

அதைவிடப் பெரிய அடி தேதியில் விழுந்தது. காப்பீட்டுத் தவணையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வரும் மாதம் அது. டிக்கெட்டோ ரத்து செய்தால் காசு திரும்பாத வகை. கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு, பில் வந்ததும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். அப்படிக் கட்டினால் பாக்கிக்கு வட்டி ஓடும். பெரும்பாலான கார்டுகளில், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும். நான்கு மாதம் வீட்டு மளிகைக்கும் சேர்த்து வட்டி கட்டினேன்.

முதலில் ஒரு தாளில் 12 மாதங்களையும் எழுதி, வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளை அந்தந்த மாதத்துக்கு எதிரே குறியுங்கள். பாரமில்லாத மாதம் எது என்று தெரியும். வீட்டு வாசலிலிருந்து கிளம்பித் திரும்பும்வரை ஆகும் மொத்தச் செலவை, அதுவரை மீதமுள்ள மாதங்களால் வகுங்கள். அந்தத் தொகையை மாதாமாதம் எடுத்துவைக்க முடிந்தால் மட்டும் டிக்கெட் தேடுங்கள். அதற்குள் சலுகை முடிந்துவிட்டால்? போகட்டும், இன்னொன்று வரும்.

மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்பது

மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வருமானம் ஏறி இறங்கும் தொழில் என்றால், கடந்த 12 மாதங்களில் ஆகக் குறைவாக வந்த மாதத்தை வைத்துத் தொகையை முடிவு செய்யுங்கள்.

அவசர நிதியில் கை வைப்பது

வேண்டாம்.

பிடித்துவைக்கும் பணத்தை மறப்பது

பல ஹோட்டல்களும் வாடகைக் கார் நிறுவனங்களும் முன்வைப்பாகக் கார்டில் ஒரு தொகையை முடக்கிவைக்கும். டெபிட் கார்டு என்றால் முடங்குவது நம் கைச்செலவுப் பணம். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகலாம்.

வெளிநாட்டில் நம் நாட்டு நாணயத்தைத் தேர்வது

கார்டு மெஷின் எந்த நாணயத்தில் என்று கேட்டால், நீங்கள் நிற்கும் நாட்டின் நாணயத்தையே தொடுங்கள். நம் நாணயத்தைத் தொட்டால், மாற்று விகிதத்திலேயே கூடுதல் கட்டணம் ஏறிவிடும்.

அந்தப் பெண்ணின் டிக்கெட்டை இனி மாற்ற முடியாது. நேற்று மதியம் இருவரும் உட்கார்ந்து பெட்டிக்கு இப்போதே பணம் கட்டினோம். கிளம்ப ஐந்து மாதம் இருக்கிறது. மீதிச் செலவை ஐந்தாகப் பிரித்து, முதல் பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டாள்.