பிரஸ் அழுத்தவில்லையா? பம்பில் கை வைக்கும் முன்

ஹைட்ராலிக் பிரஸ்ஸின் பலம் குறைந்தால் பல இடங்களில் முதலில் கழற்றப்படுவது பம்ப்தான். பல நேரம் அதன்மேல் குற்றமே இருக்காது. பெரிதாக எதையும் பிரிக்காமலே குறை எந்தப் பகுதியில் என்று ஒதுக்கிவிடலாம்.

ஆபரேட்டரிடம் முதலில் கேளுங்கள்: வேகம் குறைந்ததா, பலம் குறைந்ததா? பம்ப் தருவது ஆயில் ஓட்டம் மட்டுமே. அதற்குத் தடை வரும்போதுதான் பிரஷர் ஏறும். ராம் (கீழே இறங்கி அழுத்தும் பகுதி) சும்மா இறங்கும்போதே மெதுவாக இருந்தால் ஓட்டம் குறைவு. வேகமாக இறங்கி, ஜாப்பில் (அழுத்த வைத்த பொருளில்) பட்டதும் அழுத்தாமல் நின்றால் ஆயில் எங்கோ கசிந்து டேங்குக்குத் திரும்புகிறது. குறை திடீரென்று வந்திருந்தால் குப்பை, எரிந்த சோலினாய்டு (வால்வை நகர்த்தும் மின்காந்தம்) காயில், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்தது ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். மெல்ல வந்திருந்தால் தேய்மானம். மோட்டார் வயரிங்கில் யாராவது கை வைத்த பிறகு வந்ததென்றால், பேஸ் வயர்கள் இடம் மாறி பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பம்ப்மேல் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது காது. விடாமல் கூவும் சத்தம் வந்தால் பம்புக்கு ஆயில் போதவில்லை: சக்ஷன் ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வழியிலுள்ள வடிகட்டி) அடைப்பு, அல்லது காலையில் குளிர்ந்து கெட்டியான ஆயில். கோலிகுண்டு உருளும் சத்தமும் டேங்கில் நுரையும் இருந்தால் காற்று நுழைகிறது. ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பிறகு சக்ஷன் இணைப்புகள்மேல் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். சத்தம் அடங்கும் இடம்தான் ஓட்டை.

இணைப்பைப் பிரிக்கும் முன் ராமைக் கீழே இறக்கி, மோட்டாரை அணைத்து, ஐசொலேட்டரை (மெயின் சுவிட்சை) அணைத்துப் பூட்டுங்கள். அக்குமுலேட்டர் (ஆயிலைப் பிரஷரோடு சேமிக்கும் கலம்) இருந்தால் அதன் பிரஷரை வெளியேற்றி, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகே ஸ்பானரை எடுங்கள். ஹோஸில் ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அட்டையைக் காட்டிப் பாருங்கள். ஆயில் தோலுக்குள் பாய்ந்துவிட்டால், காயம் கடுகளவு தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இப்போது முக்கியமான சோதனை. பம்ப், ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் ஆயிலை டேங்குக்குத் திருப்புவது) இரண்டையும் தாண்டி, டைரக்ஷன் வால்வுக்கு (ராம் ஏறவும் இறங்கவும் ஆயிலைத் திருப்பிவிடுவது) முன்னால் லைனை டம்மி (மூடும் அடைப்பான்) போட்டு அடையுங்கள். டம்மி அந்தப் பிரஷரைத் தாங்குவதாக இருக்க வேண்டும். பம்புக்கும் டம்மிக்கும் நடுவில் ரிலீஃப் வால்வு இருப்பதை இருமுறை உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் ஏதாவது வெடிக்கும். ரிலீஃப் திருகைத் தளர்த்தி மோட்டாரை ஓட்டி, மெல்ல முறுக்குங்கள். அந்தப் பிரஸ்ஸின் வழக்கமான பிரஷர், உதாரணத்துக்கு 150 பார் (பார் என்பது பிரஷர் அலகு), வந்துவிட்டால் பம்பும் ரிலீஃபும் நல்லவை. குறை டம்மிக்கு அப்பால்.

வரவில்லையென்றால் ரிலீஃப் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பைலட் சீட்டில் (வால்வுக்குள் உள்ள சிறு வால்வு பொருந்தி மூடும் இடத்தில்) ஒரு துகள் உட்கார்ந்தாலே பிரஷர் ஏறாது. அதன் துளையைக் கம்பியால் குத்தாமல், காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால்தான் பம்ப்.

குறை டம்மிக்கு அப்பால் என்றால், டம்மியை எடுத்துவிட்டு சோலினாய்டு முனையிலுள்ள பின்னைக் கையால் அழுத்துங்கள். ராம் ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு கரண்ட் பக்கம்.

கடைசியாக சிலிண்டர் சீல். ராடை (பிஸ்டனோடு சேர்ந்த தண்டை) முழுக்க வெளியே நீட்டிவிட்டு நிறுத்துங்கள். ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையை மட்டும் அடையுங்கள். சிலிண்டர் போர்ட் வாளிக்குத் திறந்தே இருக்கட்டும். மறுபக்கம் பிரஷர் கொடுங்கள். உள்ளே மிச்சமிருந்த ஆயில் வடிந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. ஒழுகவில்லை என்பதால் மட்டும் சிலிண்டரை விட்டுவிடாதீர்கள்: பேரல் (சிலிண்டர் குழாய்) நடுவில் கீறல் இருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது.

போர்ட்டை மறந்தும் அடைக்காதீர்கள். 100 மி.மீ. போர் (உள்விட்டம்), 70 மி.மீ. ராடு உள்ள சிலிண்டரில் ராடு பக்கப் பரப்பு மறுபக்கத்தில் ஏறத்தாழ பாதிதான். ராம் முனைக்கு வந்து முட்டாத நிலையில் அங்கே ஆயில் அடைபட்டால், மறுபக்கம் 150 பார் கொடுத்தாலும் அங்குள்ள பிரஷர் 290 பாரைத் தாண்டும்.