சுமாரான மார்க்கோடு தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் சீட்

தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ குடும்பத்தோடு வந்து இறங்கியவர்கள், வீடும் பள்ளியும் அமைந்ததும் கேட்கும் அடுத்த கேள்வி இது: "பிள்ளைக்கு மார்க் அறுபது, எழுபதுதான். ஆனால் நுழைவுத் தேர்வென்றால் நன்றாக எழுதும். சீட் கிடைக்குமா?" பல படிப்புகளில் கிடைக்கும். எதில் கிடைக்கும் என்பதை வீட்டிலேயே உட்கார்ந்து ஓரளவு சரியாகக் கணக்குப் போடலாம். தெரிந்தவர் சொன்னார் என்று பயப்படவும் வேண்டாம், நம்பி உட்காரவும் வேண்டாம்.

முதலில், எழுபது என்றால் முகம் வாடும் நம் ஊர் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதும் மெட்ரிக் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏழு படிகள். 80ம் அதற்கு மேலும் எடுத்தால் 7, எழுபதுகளுக்கு 6, அறுபதுகளுக்கு 5, ஐம்பதுகளுக்கு 4, நாற்பதுகளுக்கு 3, முப்பதுகளுக்கு 2, அதற்குக் கீழே 1. ஆறு பாடங்களின் படிகளைக் கூட்டினால் வருவதுதான் ஏபிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் சேர்க்கைப் புள்ளி. லைஃப் ஓரியண்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்தைப் பல இடங்களில் இந்தக் கூட்டலில் சேர்ப்பதில்லை.

ஒரு பிள்ளையின் மார்க்கை வைத்துப் பார்ப்போம். ஆங்கிலம் 65, கணிதம் 62, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த ஃபிஸிக்கல் சயின்ஸ் 58, லைஃப் சயின்ஸ் 71, கணக்குப் பதிவியல் 66, ஆஃப்ரிகான்ஸ் 55. புள்ளிகள் 5, 5, 4, 6, 5, 4, மொத்தம் 29. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஃபிஸிக்கல் சயின்ஸில் இன்னும் இரண்டே மார்க் எடுத்திருந்தால் 4 என்பது 5 ஆகியிருக்கும். 71 எடுத்த பாடத்தில் மேலும் ஐந்து மார்க் எடுத்தாலும் ஒரு புள்ளிகூடக் கூடாது. அதனால் கடைசி மாதங்களில் டியூஷனுக்குச் செலவழிக்கும் பணமும் நேரமும் 58, 68 என்று விளிம்பில் நிற்கும் பாடத்துக்குப் போகட்டும். இரண்டாவது, மொத்தம் போதும் என்றாலும் ஒரு பாடம் கதவைச் சாத்திவிடலாம். சேர விரும்பும் படிப்பு ஃபிஸிக்கல் சயின்ஸில் 5 கேட்டால், 29 என்ன, 35 இருந்தாலும் அந்த 58 உள்ளே விடாது. மொத்தத்தை மட்டும் பார்த்து நம்பிக்கை வைத்து ஏமாறும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. பாடவாரித் தேவையை முதலில் படியுங்கள்.

இந்தக் கணக்கும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்ஸ் பல்கலைக்கழகம் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கூடுதல் புள்ளி தருகிறது. கேப்டவுன் பல்கலைக்கழகம் படியைப் பார்ப்பதில்லை, ஆறு பாடத்தின் சதவீதத்தையே கூட்டி 600க்குக் கணக்கிடுகிறது. அங்கே 58க்கும் 60க்கும் வித்தியாசம் வெறும் இரண்டுதான். ஆகவே ஒரே மார்க் பட்டியல் ஓரிடத்தில் பலமாகவும் இன்னோரிடத்தில் பலவீனமாகவும் தெரியும்.

இனி டெஸ்ட். இங்கே டெஸ்ட் என்றால் பெரும்பாலும் என்பிடி எனப்படும் தேசிய அளவுகோல் தேர்வு. மொழித்திறனும் எண்ணறிவும் சேர்ந்தது ஒரு தாள், கணிதம் இன்னொரு தாள். கணிதத் தாளில் கால்குலேட்டர் கிடையாது. மனக்கணக்கில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது சாதகம். ஆனால் இந்த டெஸ்ட் மார்க் எல்லா இடத்திலும் சேர்க்கைக் கணக்கில் ஏறாது. கேப்டவுனில் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு அதைக் கூட்டிக் கணக்கிடும் முறை உண்டு. வேறு சில இடங்களில், சேர்ந்த பிறகு பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி வேண்டுமா என்று பார்க்கத்தான் பயன்படுத்துகிறார்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் மெட்ரிக் மார்க்தான் பேசும். டெஸ்டில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளை என்றால், அது கணக்கில் வரும் படிப்பைத் தேடி விண்ணப்பியுங்கள். நீட், ஜேஇஇ மார்க்கை நம்பி இங்கே திட்டம் போடாதீர்கள்.

பிள்ளை இன்னும் பத்தாம் வகுப்பில் இருந்தால் ஒன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். பள்ளியில் கணிதம், அன்றாடக் கணக்கைச் சொல்லித்தரும் கணித எழுத்தறிவு (மேத்தமேட்டிகல் லிட்டரசி) என்று இரண்டு பாடம் உண்டு. ஆங்கிலத்தில் பாடம் புரியவில்லை, மார்க் குறைகிறது என்று இரண்டாவதற்கு மாற்றச் சொல்வார்கள். மார்க் ஏறும், உண்மைதான். ஆனால் இன்ஜினியரிங்கும் அறிவியல் படிப்புகளும் வணிகப் படிப்புகளில் பெரும்பகுதியும் அந்த மாற்றத்தோடு கைவிட்டுப் போகும். அந்தப் பாடத்தின் 80ஐவிட அசல் கணிதத்தின் 60 எத்தனையோ மேல். கொஞ்சம் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது மொழிப் பாடத்தில் சலுகை உண்டா என்பதையும் பள்ளியில் சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தவர்களுக்கு வேலை கொஞ்சம் அதிகம். யூனிவர்சிட்டீஸ் சவுத் ஆஃப்ரிக்கா என்ற அமைப்பிடம் மெட்ரிக் விலக்குச் சான்றிதழ், அதாவது இங்கே மெட்ரிக் எழுதாமலே பட்டப்படிப்பில் சேரத் தகுதி உண்டு என்ற சான்றிதழ், வாங்க வேண்டும். 600க்கு 420 என்பது இங்கே எத்தனை புள்ளி என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாக மாற்றிப் பார்க்கும். நீங்களே 70 சதவீதம், ஆகவே 6 என்று போட்டுக்கொள்ள வேண்டாம். சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். படிப்பு விசாவையும் மறக்காதீர்கள். என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு உதவித்தொகை தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை.

டர்பன் பக்கம் இருப்பவர்கள் சிஏஓ என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக குவாசூலு-நட்டால், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசுத்து, சூலுலாண்ட் ஆகிய பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம் போடலாம். விருப்பங்களை வரிசைப்படுத்திக் கேட்பார்கள். குறைந்தபட்சத் தகுதிக்கு மேல் நன்றாகவே இருக்கும் படிப்பு ஒன்று, ஒட்டி நிற்பது இரண்டு, ஆசைக்கு ஒன்று என்று வையுங்கள். குறைந்தபட்சத் தகுதி என்பது பரிசீலிக்கத்தான். சீட்டுக்கு உத்தரவாதம் அல்ல. எல்லாவற்றையும் ஆசைக்கே வைக்காதீர்கள். பதினோராம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் தற்காலிக இடம் தருகிறார்கள், ஜனவரியில் மெட்ரிக் முடிவு வந்ததும் உறுதியாகும். அதனால் பதினோராம் வகுப்பு சும்மா கடந்துபோகும் வருஷம் இல்லை. மருத்துவத்துக்குக் கடைசித் தேதி மற்றவற்றைவிட முன்னதாகவே வந்துவிடும். அதில் வெளிநாட்டவருக்கு இடம் மிகக் குறைவு. சுமாரான மார்க் என்றால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நேராகக் கிடைக்காவிட்டால்? நான்கு வருடத்துக்கு நீட்டிய பட்டப்படிப்புகள் உண்டு. முதல் ஆண்டுப் பாடத்தைக் கூடுதல் உதவியோடு மெதுவாக நடத்துவார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிப்ளமோவை நம்மவர்கள் ஏனோ குறைவாக நினைக்கிறார்கள். அதன் எம்.எல். சுல்தான் வளாகம், ஒப்பந்தக் கூலியாக இந்த மண்ணுக்கு வந்தவர் பெயரில் உள்ளது. இந்தியர்களுக்குக் கல்வி எளிதில் கிடைக்காத காலத்தில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த கல்லூரியின் தொடர்ச்சி அது. சில மார்க்கில் சீட்டைத் தவறவிட்டவர்கள் மே, ஜூனில் அந்தப் பாடத்தை மட்டும் திரும்ப எழுதி உயர்த்தலாம். தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டுவதற்கு முன் அது உயர்கல்வித் துறையில் பதிவு பெற்றதா, அந்தப் படிப்பும் பதிவில் உள்ளதா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள். பதிவு எண்ணைக் கேட்டால் நல்ல கல்லூரி தயங்காமல் தரும்.