பைலட் ஹெல்மெட்டுக்குப் பெயின்ட்: டப்பாவைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் பட்டறை. பைக் டேங்க், நம்பர் பிளேட், ஹெல்மெட் என்றுதான் வேலை வரும். போன தை மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் துணிப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். மைக்ரோலைட் என்ற சின்ன, எடை குறைந்த விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். வெள்ளை ஹெல்மெட், இரண்டு பக்கமும் இயர்கப், வாயருகே மைக். “அண்ணே, சைடுல ஒரு மீன்கொத்தி, பின்னாடி என் பேரு. சாயங்காலம் வந்து வாங்கிக்கவா?” என்றான். பன்னிரண்டு நாள் ஆனது.

நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்த பைக் ஹெல்மெட்டைத் தின்னர் துணியால் துடைத்தேன். விளிம்பு வழியாக உள்ளே இறங்கிய நாலு சொட்டில் தெர்மாகோல் அப்படியே குழிந்துபோனது. வெளியே பளபளப்பு, உள்ளே விரல் நுழையும் பள்ளம். அடி விழும்போது நசுங்கி அதிர்வை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டேன்.

அதனால் முதல் வேலை, ஹெல்மெட்டோடு வந்த கையேட்டைப் படிப்பது. பெயின்ட் கூடாது என்று இருந்தால் பேச்சு முடிந்தது. இந்த பிராண்ட் பெயின்ட்தான் என்று இருந்தால் அதையே வாங்குங்கள். பயிற்சிப் பள்ளியின் ஹெல்மெட் என்றால் பள்ளியைக் கேளுங்கள். படையில் இருப்பவர்கள் தங்கள் பிரிவின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

அடுத்து, மேலோடு எதனால் ஆனது என்று பாருங்கள். உள்ளே லேபிளில் இருக்கும். ஃபைபர்கிளாஸ், கார்பன், கெவ்லார் என்றால் ஓரளவு தாங்கும். பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக் என்றால் எச்சரிக்கை: தின்னர், அசிட்டோன், பெட்ரோல் பட்டால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விடும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடிபடும் அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது ஒரு ரூபாய் நாணயத்தை எடுங்கள். ஃபைபர் ஓடாக இருந்தால் அங்குலம் அங்குலமாக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டிக் டிக்’ என்று ஒரே சீராகக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ‘தொப்’ என்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விரிசலும் தேடுங்கள். சந்தேகம் வந்தால் பெயின்ட் வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெயின்ட் விரிசலைச் சரிசெய்யாது, மறைத்துவிடும்.

எல்லாம் சரி என்றால் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். போர் விமானத்தில் 9 ஜி திருப்பத்தில், அதாவது எடை ஒன்பது மடங்காக அழுத்தும்போது, கூடுதலாக ஏறிய 50 கிராம், கழுத்துக்கு 450 கிராமாகத் தெரியும். மைக்ரோலைட்டில் அவ்வளவு இல்லை என்றாலும், பட்டி பூசி மேடு எழுப்பும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். புதிதாகத் துளையும் போடாதீர்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு திருகுக்கும் ஒரு போட்டோ எடுங்கள். வைசர், இயர்கப், மைக், உள்மெத்தை எல்லாம் வெளியே வரட்டும். கழற்ற முடியாத தெர்மாகோலையும் தாடைப் பட்டையையும் பாலித்தீன் சுற்றி, மாஸ்கிங் டேப்பால் இடைவெளி இல்லாமல் மூடுங்கள். உள்ளே இருக்கும் லேபிள் மேலும் பெயின்ட் படக்கூடாது. வைசருக்கு எந்தக் காலத்திலும் பெயின்ட் கிடையாது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பு நாலு சொட்டு, தண்ணீர், மெல்லிய துணி. கழுவ இது போதும். நம் ஊரில் உப்புக்காற்று படிந்திருக்கும், இரண்டு முறை துடையுங்கள். காய்ந்ததும் 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு மங்கும் வரை மட்டும் தேயுங்கள். நார் தெரிகிற அளவுக்குப் போகவே கூடாது. ஈரத்தோடு தேய்த்தால் தூசி பறக்காது. ஃபைபர் தூசி தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும், மூச்சுக்குழலுக்கும் ஆகாது.

பெயின்ட் விஷயத்தில் என் தேர்வு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக். பட்டறைகளில் கலருக்கு மேலே அடிக்கும் ஹார்ட்னர் கலந்த கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) கண்ணாடி மாதிரி மின்னும், உண்மைதான். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. புதியவர்கள் வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

நாளும் நேரமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் காயாது, கிளியர் பால் ஊற்றியது போல வெளுக்கும். நான் காலை பனி விலகி வெயில் ஏறியதும் தொடங்கி, கடற்காற்று எழும்புவதற்குள் முடித்துவிடுவேன். தேவனாம்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், மணல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டின் பொருளுக்கு ஏற்ற பிரைமர் ஒரு கை, பிறகு கலர். மெல்லியதாக மூன்று முறை அடிப்பது மேல். ஒரே முறையில் மூடப் பார்த்தால் வழிந்துவிடும். முன்புறம், உச்சி இரண்டையும் வெள்ளையாகவே விடச் சொன்னேன். கருப்பு மேட் அழகுதான், நம் சித்திரை வெயிலில் தலை வேகும்.

பெயரைக் கையால் எழுத வராதவர்கள் ரேடியம் கடைக்குப் போங்கள். வாகனத்துக்கு ஸ்டிக்கர் வெட்டும் அதே மெஷினில் ஸ்டென்சிலும் வெட்டித் தருவார்கள். பெயின்டே வேண்டாம் என்றால், கையேடு அனுமதித்தால், ஒளி திருப்பும் டேப்பில் டிசைன் வெட்டி ஒட்டலாம். அமெரிக்கக் கடற்படை விமானிகள் வெகுகாலமாகச் செய்வது இது. கடலில் விழுந்தவரைத் தேடும் விளக்கு பட்டதும் மின்னும். நம் மீனவர்களின் லைஃப் ஜாக்கெட்டில் இருக்கும் பட்டையும் அதற்குத்தான்.

மேலே தண்ணீர் வகை கிளியர் இரண்டு கை. ஆக்சிஜன் மாஸ்க் மாட்டும் ஹெல்மெட் என்றால் கொக்கிகளின் பக்கம் எண்ணெய், மெழுகு பாலிஷ் எதுவும் போகக்கூடாது. ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

பிறகு பொறுமை. பெயின்ட் வாசனை முழுக்கப் போகும் வரை, நிழலில், காற்றோட்டமாக, ஒரு வாரமாவது. தம்பி தினமும் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். போட்டோவைப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டி, வைசரைப் பத்து முறை ஏற்றி இறக்கினோம். எங்கும் உரசவில்லை. தாடைப் பட்டையை இழுத்துப் பார்த்தோம், மைக்கையும் சோதித்தோம். தராசில் 31 கிராம் கூடியிருந்தது. “மீன்கொத்தி வெயிட்டா அண்ணே?” என்றான். மூக்கைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டேன், வேறொன்றும் இல்லை.