வேலைத்தலத்தில் நாரி பிடித்தால்: வன்னியிலிருந்து ஒன்ராறியோ வந்தவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்கள் நோவை வெளியில் சொல்லமாட்டார்கள். வெயார்ஹவுஸில் நாரி பிடித்தாலும் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு அடுத்த ஷிஃப்டுக்கு நிற்பார்கள். எழும்ப ஏலாமல் போனபிறகுதான் டொக்டரிடம் போய், "நல்லாக் கேட்கிற மருந்தாத் தாங்கோ" என்பது. ஆபத்து அங்கேதான்.

காயப்பட்ட அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். வேலைத்தலக் காயங்களுக்கு நட்டஈடு கொடுக்கும் ஒன்ராறியோ சபைதான் டபிள்யூ.எஸ்.ஐ.பி. அதற்கு விண்ணப்பிக்க 6 மாதம் இருக்கிறது. பிந்தப் பிந்தச் சிக்கல்தான் கூடும். அகதி வழக்கு முடியாதவர்களும் கேட்கலாம். ஏஜென்சிக்காரர் "கிளெயிம் போடாதே" என்று வெருட்டினால் அது சட்டப்படி குற்றம்.

போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு உடம்பில் இருந்தால் எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லவேண்டும். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடும். பழைய காயத்தைச் சொன்னால் கிளெயிம் போய்விடும் என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

இனிக் குளிசை. பெர்கோசெட், ஒக்ஸிகொடோன், கோடீன் கலந்த டைலனோல் 3 எல்லாம் அபின் இனம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நட்டஈட்டுத் திட்டத்தில் இருந்த 32 தொழிலாளர்கள் இவ்வகை மருந்து அளவுக்கு மிஞ்சியதால் இறந்திருந்ததை 2005இல் வந்த ஆய்வொன்று காட்டியது. டபிள்யூ.எஸ்.ஐ.பி.யும் 2010இல் இந்த மருந்துகளுக்கான விதியை இறுக்கியது: புதுக் காயமென்றால் முதல் 12 கிழமைக்குக் குறுகிய நேரம் வேலைசெய்யும் வகை மட்டும், அதுவும் ஒருமுறைக்கு இரண்டு கிழமை அளவுதான்.

டொக்டர் எழுதும்போதே கேளுங்கள்: எத்தனை நாளைக்கு? எப்படிக் குறைத்து நிறுத்துவது? பிசியோதெரபி கிடைக்குமா? மொழி தடக்கினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சமாளிக்கவேண்டாம். நித்திரைக் குளிசையோடோ சாராயத்தோடோ இந்த அபின் இனக் குளிசையைச் சேர்த்தால் நித்திரையிலேயே மூச்சு நின்றுவிடலாம். கனநாள் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது. இவ்வகை மருந்து அளவுக்கு மிஞ்சினால் அதை முறிக்கும் நலொக்ஸோன் என்ற மருந்து ஃபார்மசியில் இலவசம். வீட்டில் ஒன்று இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிசையைக் குறைத்தால் காசு நிற்கும் என்பது வெறும் கதை. காயத்தையும் உங்களால் என்ன வேலை ஏலும் என்பதையும்தான் பார்க்கிறார்கள்.

மிச்சக் குளிசையை அறைத்தோழனுக்குக் கொடுக்கவோ, ஊரில் அம்மாவின் முழங்கால் நோவுக்கென்று பார்சலில் வைக்கவோ வேண்டாம். ஃபார்மசியில் கொடுத்தால் வாங்கி அழிப்பார்கள்.