குழந்தை ஸ்வெட்டர் பின்னும்போது எங்கே தவறுகிறோம்?

குன்னூரில் ஐப்பசி பிறந்தால் மழையோடு மூட்டமும் இறங்கிவிடும். பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு உட்காரும் அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் உல்லன் நூல் வெளியே வரும். முப்பது வருஷமாகப் பின்னுகிறேன். இருந்தும் என் பேத்திக்குப் பின்னிய முதல் ஸ்வெட்டர் அவள் தலையில் இறங்கவில்லை.

உடம்பு, கை, விளிம்பில் வரிவரியாக நீண்டு சுருங்கும் ரிப் பட்டி எல்லாம் ஒழுங்காகத்தான் வந்திருந்தன. மருமகள் பிள்ளையை மடியில் வைத்து மாட்டினாள். கழுத்துப் பட்டி புருவத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் காது மடங்கி, பிள்ளை வீறிட்டு அழுதாள். "அத்தை, இறங்கவே மாட்டேங்குது." "இழுக்காதம்மா, விட்டுடு." கழற்றிப் பார்த்தால் நெற்றியில் ரிப்பின் தடம் வரிவரியாகச் சிவந்திருந்தது. அந்தத் தடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிறந்த குழந்தைக்குத் தலைச் சுற்றளவு மார்பைவிடச் சற்றுப் பெரிது. ஒரு வயது வாக்கில்தான் இரண்டும் ஏறக்குறைய 46 செ.மீ. என்று சமமாகும். பெரியவர்கள் உடம்பை மனதில் வைத்துக் கழுத்தைக் குறுக்கினால் பிள்ளைதான் அழும். போதாததற்கு, கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, மூடும் கடைசி வரிசையில் கை தானாகவே இறுகிவிடும். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஒன்றிரண்டு அளவு பெரிய ஊசியை எடுங்கள். மூடிய பிறகு உங்கள் கையில் இருக்கும் கழுத்து, பிள்ளையின் தலைச் சுற்றளவுக்குத் தாராளமாக விரிய வேண்டும். இரண்டு வயது வரை தோளில் பட்டன் திறப்பு வைப்பது, அல்லது முன்பக்கம் திறந்த கார்டிகனாகவே பின்னிவிடுவது என் வழக்கம்.

அடுத்தது, வயதைக் கேட்டு அளவு எடுப்பது. "ஆறு மாசக் குழந்தை" என்று ஒரு அளவு கிடையாது. பிறந்தபோது 50 செ.மீ. இருந்த பிள்ளை ஒரு வருஷத்தில் 75 செ.மீ.க்கு வளர்ந்துவிடும், எடை மூன்று மடங்காகும். சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் நடுவில் தினம் பத்து வரிசை பின்னுகிறவளுக்கு ஒரு ஸ்வெட்டர் முடிய இரண்டு மாதம் ஆகும். நம் கையைவிடப் பிள்ளை வேகமாக வளர்கிறது. ஆகவே இன்றைய மார்பளவை டேப் வைத்து எடுங்கள். முடிக்கப்போகும் மாதத்தைக் கணக்கிட்டு அதற்கு அடுத்த அளவைப் பின்னுங்கள். கை நீளமாக இருந்தால் மடித்துவிடலாம், குட்டையானால் ஒன்றும் செய்ய முடியாது.

மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நூல் வந்ததும் கை பரபரக்கும், எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று பின்னல் குறிப்பு சொல்கிறது, 56 செ.மீ. சுற்றுக்கு 123 கண்ணி போடுகிறீர்கள். உங்கள் கை சற்றுத் தளர்வாகி 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வருகிறதென்றால், அதே 123 கண்ணி 61 செ.மீ.க்கு மேல் போய்விடும். 15 செ.மீ. சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.யை எண்ணுங்கள். துவைக்காமல் எண்ணினால் அந்த அளவை நம்ப முடியாது.

ஊசி எண்ணும் ஏமாற்றும். நம் பக்கத்தில் புழங்கும் பழைய எண் முறையில் 8 என்றால் 4 மி.மீ.; எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் அதே 8 என்றால் 5 மி.மீ., எண் கூடினால் ஊசி தடிக்கும். இணையத்தில் எடுத்த குறிப்பை வைத்துப் பின்னும்போது எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

நூலில் இன்னொரு விஷயம். மலையில் பலர் குளிருக்குக் கணப்பு மூட்டி உட்காருகிறோம். அக்ரிலிக் நூல் நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி எளிதில் பற்றாது, தீயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அணையும். அதனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பளிதான். சென்னையில் இருக்கும் மகள் பிள்ளைக்கு மட்டும் பருத்தி நூல். அது கம்பளிபோலச் சுருங்கி மீளாது, ரிப் சீக்கிரம் தொங்கிவிடும் என்பதால் சிறிய ஊசியில் இறுக்கிப் பின்னுகிறேன். புசுபுசுவென்று முடி நிற்கும் நூல் கைக்குழந்தைக்கு வேண்டாம், இழை வாய்க்குள் போகும்.

கழுத்தில் கட்டும் கயிறு, முனையில் தொங்கும் குஞ்சம் இரண்டையும் நான் வைப்பதே இல்லை. பட்டனை நூலால் பலமுறை ஓட்டி இழுத்துப் பாருங்கள். பிடுங்கினால் நேரே வாய்க்குத்தான் போகும். இரண்டு வண்ணத்தில் பூ போடும்போது உள்பக்கம் நீளமாக ஓடும் நூலில் பிஞ்சு விரல் சிக்கும், அதனால் மூன்று நான்கு கண்ணிக்கு ஒருமுறை அதைப் பின்னலோடு பிடித்துவிடுங்கள். குல்லாவைத் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

துவைக்கும்போது வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி கெட்டித்துச் சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுபோகும்.

பேத்தியின் அந்த ஸ்வெட்டரை அன்றிரவே பிரித்தேன். சுருள் சுருளாக வந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டி, நீரில் நனைத்துக் காயவைத்ததும் நிமிர்ந்துவிட்டது. மறுபடி பின்னும்போது அவள் வளர்ந்திருந்தாள், நூல் போதவில்லை. ஒரே தடவையில் சாயம் போட்ட நூல் எது என்று காட்டும் சாய எண்ணை லேபிளில் பார்த்து ஒரு பந்து அதிகமாக வாங்கி வைக்காதது என் தவறு. கடையில் அதே நீலம் கேட்டு வாங்கியது ஒரு சாயல் வெளுத்திருந்தது. மார்புக்கு மேலே இரண்டு வெள்ளைக் கோடு ஓட்டி, அதற்கு மேல் புது நீலத்தைச் சேர்த்தேன். இந்த முறை கழுத்து காதைத் தொடாமல் இறங்கியது. இரண்டு குளிர்காலம் அதைத்தான் போட்டிருந்தாள்.