பாரில் மாட்டிய நங்கூரத்தை எடுப்பது எப்படி?

மாசி மாதம், உவரிக்கும் கூத்தங்குழிக்கும் நடுவே ஐந்து மீட்டர் ஆழத்தில் என் சின்னப் பாய்ப்படகை நிறுத்தியிருந்தேன். கிளம்பும்போது நங்கூரம் வரவில்லை, அடியில் பார், அதாவது கடலடிப் பாறை. எஞ்சினை முடுக்கி இழுத்தேன். நங்கூரம் அசையவில்லை, படகின் முன்முனையான அணியத்தில் கயிறு கட்டும் கட்டைதான் ஃபைபரோடு பிய்ந்து வந்தது.

முதலில் அடித்தரையைப் பாருங்கள். ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவி இறக்கினால் மணலோ சேறோ ஒட்டிக்கொண்டு வரும். சோப்பில் கீறல் மட்டும் இருந்தால் பார். முடிந்தவரை வேறு இடம் தேடுங்கள்.

அடுத்தது கயிற்றின் நீளம். ஆழம் ஐந்து மீட்டர், நீர்மட்டத்துக்கு மேல் அணியம் ஒரு மீட்டர், ஆக ஆறு. கயிறு அதைப்போல் ஏழு மடங்கு வேண்டும், அதாவது 42 மீட்டர். காற்று அடங்கிய பகலுக்கு ஐந்து மடங்கு போதும். நைலான் கயிறுதான் வாங்க வேண்டும். அது மூழ்கும், அலை இழுக்கும்போது நீண்டு கொடுக்கும். மலிவான மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

இனி நான் கோட்டைவிட்ட இடம். நான்கு கொக்கி நங்கூரத்தில், கயிற்றின் நுனியில் வரும் சங்கிலியை மேல்வளையத்தில் பூட்டாதீர்கள். கொக்கிகள் கூடும் அடிப்பகுதியில் பூட்டி, தண்டை ஒட்டி மேலே கொண்டுவந்து, வளையத்தோடு சணலால் கட்டுங்கள். மாட்டிக்கொண்டால் படகை நேர்மேலே கொண்டுபோய் இழுக்க வேண்டும். சணல் அறும், நங்கூரம் அடிப்பக்கமாகத் தலைகீழாய்க் கழன்று வரும். நானும் இப்படித்தான் கட்டியிருந்தேன். ஆனால் சணலுக்குப் பதில் தங்கூசியில் (தூண்டில் நைலான் நரம்பு), அதுவும் ஆறு சுற்று. அது ஏன் அறப்போகிறது? சணலே ஆனாலும் எத்தனை சுற்று என்பதைக் கரையிலேயே இழுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். என் படகுக்கு இரண்டு சுற்று சரியாக இருந்தது.

அப்படியும் வராவிட்டால் கயிற்றைப் பின்பக்கம் கட்டி மட்டும் இழுக்காதீர்கள். அலை பின்புறமாக ஏறிப் படகை நிரப்பிவிடும். கயிற்றை அறுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

உடைந்த அணியத்தை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஃபைபர் பாயும் ரெசினும் வைத்து அடைத்தேன். கட்டையைத் திரும்பப் பொருத்தும்போது உள்பக்கம் அகலமான பலகை கொடுத்துப் போல்ட் போட்டேன். முன்பு வெறும் ஸ்க்ரூதான் இருந்தது. பிய்ந்ததில் என்ன வியப்பு?

பின்சேர்க்கை: இரவு தங்கும்போதும் சணல் கட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கூடாது. காற்று திசை மாறிப் படகு சுழன்றால் தூக்கத்தில் சணல் அறுந்துவிடும். சங்கிலியை வழக்கம்போல் வளையத்திலேயே பூட்டி, நங்கூரத்தின் அடியில் தனியாக ஒரு கயிறு கட்டி, அதன் நுனியில் மிதவை விடுங்கள். காலையில் மிதவையைப் பிடித்து இழுத்தால் போதும். அந்தக் கயிறு ஆழத்தைவிட ஒரு மீட்டர் மட்டும் கூடுதலாக இருக்கட்டும். நீளமாக விட்டால் அதுவும் விசிறிக்குத்தான் போகும்.